கணக்கில் இல்லாத நூறு மெகாபைட்

பேசாலையில் பிறந்து கடலில் வாந்தி எடுக்கிற ஆம்பிளை நான் ஒருவன்தான். அப்பா என்னை மூன்று தரம் படகில் ஏற்றிப் பார்த்தார். நான்காம் தரம் படகின் நலனைக் கருதி இறக்கிவிட்டார். ஆடாத தொழில் ஒன்று வேண்டும் என்றுதான் கொம்பியூட்டர் திருத்தப் பழகினேன். மன்னார் பட்டினத்தில் ஒரு சலூனுக்கும் ஒரு சவப்பெட்டிக் கடைக்கும் நடுவில் என் கடை. மூன்று பேரிலும் வியாபாரம் குறைந்தவன் நான்.

2012 ஆவணியில், மடு மாதா கோயில் பெருவிழா முடிந்த கிழமை, எனக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியது மீள்வரவுப் பதிவு ஒருங்கிணைப்பு நிலையம். யுத்தம் முடிந்து சனம் தங்கள் ஊர்களுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எழுதிவைப்பது அந்தக் கந்தோரின் வேலை. வந்தவர்களைக் கொப்பியில் எழுதினார்கள். வராதவர்களுக்குக் கொப்பி போதாது என்று ஒரு கொம்பியூட்டர் கொடுத்திருந்தார்கள்.

“எமது நிலையத்தின் கணினி காலையில் எழும்புவதில் சற்றுத் தாமதம் காட்டுகின்றது” என்றது கடிதம். தாமதம் தொடங்கி இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

திருத்த வேண்டுமானால் மூன்று பேரிடம் விலைமனு எடுக்க வேண்டுமாம். பட்டினத்தில் அப்போது இந்த வேலை தெரிந்தவன் நான் ஒருவன். கந்தோர்க்காரர்களே வழி சொன்னார்கள். ஒன்றை என் பெயரிலும் ஒன்றைத் தம்பியின் படகின் பெயரிலும் இன்னொன்றை மனைவி கிருஷிகாவின் பெயரிலும் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துத் தெளிவாக இருந்ததால் மனைவிக்குத்தான் வேலை கிடைத்தது. நான் அவளுடைய உதவியாளனாகக் கந்தோருக்குப் போனேன். வீட்டில் இருக்கும் நிலைமையும் அதுதான் என்பதால் எனக்கு அது புதிதாகப் படவில்லை.

நடைபாதையில் கிடந்த மர வாங்கில் ஒரு அம்மா இருந்தா. ஐம்பது வயது இருக்கும். மடியில் ஒரு பொலித்தீன் பை. நான் கருவிப் பெட்டியோடு வருவதைக் கண்டு எழும்பினா.

“நீங்களோ தம்பி கொம்பியூட்டர் பார்க்க வந்தனீங்கள்?”

“ஓம் அம்மா.”

“நான் மனோன்மணி. இருபது நாளா வாறன். என்ர மகன்ர படம் அதுக்குள்ள கிடக்கு.”

அம்மா பெருநிலத்தில் வயல் செய்கிற ஊர்க்காரி. மகன் துஷாந்தன். யுத்தத்தின் கடைசி மாதங்களில் பதினாறு வயதில் காணாமல் போனவன். வீடு, பெட்டி, கலியாணப் படம் எல்லாம் வழியில் போய்விட்டன. ஒரே ஒரு படத்தை மட்டும், பள்ளிக்கூடத்தில் பரீட்சை அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படத்தை, பொலித்தீனில் சுற்றி முகாம் வரைக்கும் கொண்டுவந்தா. பதிவு செய்தபோது இந்தக் கந்தோர் அதை வாங்கி, படிவத்தோடு குத்தி, ஸ்கான் பண்ணி, கொம்பியூட்டரில் ஏற்றியது. படிவம் அலுமாரிக்குப் போனது. அலுமாரிக்குக் கறையான் போனது. கறையானுக்கு விலைமனு தேவைப்படவில்லை.

“வாற வெள்ளிக்கிழமை கொமிசன் வருகுது தம்பி. காணாமல் போன ஆக்களை விசாரிக்கினமாம். படம் கொண்டுவரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கு. படம் இல்லாட்டி என்னெண்டு தேடுவினம்?”

அன்று திங்கட்கிழமை.

கொம்பியூட்டருக்கு ஒரு பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தார்கள். உறையைக் கழற்றிச் சுவிச்சைப் போட்டேன். விசிறி சுற்றியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது. எழுப்பிவிடுகிற ஆளைக் காணவில்லை என்பது அதன் கருத்து.

“இது வயது போய்ப் பழுதானது இல்லை. ஆரோ உள்ளுக்கு என்னவோ செய்திருக்கினம்,” என்றேன்.

பதிவுகளை ஏற்றுகிற அன்ரோனெற் என்ற பிள்ளை அங்குமிங்கும் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள். “செய்தது ஆரோ இல்லை அண்ணா. குழு.”

நடந்தது இதுதான். அந்த வருடத் தொடக்கத்தில் கொழும்பிலிருந்து ஒரு பொறியியலாளர் வந்து, இருந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கை மூன்று பகுதியாகப் பிரித்துவிட்டுப் போனார். கொம்பியூட்டர் இயங்குவதற்கு ஒன்று, வராதவர்களின் படங்களுக்கு ஒன்று, சுற்றறிக்கைகளுக்கு ஒன்று. அதிலே ஒரு பிழையும் இல்லை. ஆடி மாதம் வருடாந்தப் பொருட்கணக்கெடுப்புக் குழு வந்தது. கதிரை, மேசை, குப்பைக்கூடை எல்லாவற்றையும் எண்ணிப் பதிவேட்டோடு சரிபார்ப்பது அவர்கள் வேலை. பதிவேட்டில் ‘டிஸ்க் - 1’ என்று இருந்தது. திரையில் மூன்று தெரிந்தது. பொறியியலாளர் விட்டுப்போன மென்பொருளைத் திறந்து பார்த்தால் நாலாவதாகவும் ஒன்று இருந்தது. நூறு மெகாபைட். ஆகச் சின்னன். மற்றவைக்கு சி, டி, ஈ என்று இருந்ததுபோல ஒரு எழுத்துக்கூட அதற்கு இல்லை.

குழுத் தலைவர் கிறகரி. ஓய்வுபெற்ற பிறகும் ஓயாதவர்.

“நான் சொன்னனான் அண்ணா,” என்றாள் அன்ரோனெற். “சேர், எல்லாம் ஒரே டிஸ்க்தான், பிரிச்சுத்தான் வைச்சிருக்கு எண்டு. அவர் கேட்டார், ‘பிள்ளை, பொருள் குறைஞ்சா யுத்தம் எண்டு எழுதலாம். கூடினா என்னெண்டு எழுதுறது?’ நான் என்ன மறுமொழி சொல்ல?”



எழுத்தில்லாத நூறு மெகாபைட்டை முதலில் அழித்தார்கள். பதிவு இல்லாமல் குடியிருக்கிறது என்று குறிப்பு எழுதினார்கள். பிறகு சுற்றறிக்கைகள். பிறகு படங்கள். மென்பொருள் ஒவ்வொரு தரமும் “நிச்சயமா?” என்று கேட்டதாம். குழுவில் மூன்று பேர். ஆளுக்கொரு தரம் ஓம் சொன்னார்கள். மூன்றாவது ஓமுக்குப் பிறகு, பைபிளில் மூன்றாவது மறுதலிப்புக்குக் கூவியதுபோல, எங்காவது சேவல் கூவியதா என்று அன்ரோனெற் கவனிக்கவில்லை. ‘இருப்புச் சரி’ என்று கையெழுத்து வைத்துவிட்டு, தேத்தண்ணி குடித்து, கொம்பியூட்டரை அணைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த நாள் அது எழும்பவில்லை. எழுத்தில்லாத அந்தச் சின்னப் பகுதிதான் காலையில் மற்றவர்களை எழுப்புகிற ஆள்.

பணிப்பாளர் நடராசா ஐயாவிடம் போனேன். அவர் மேசைக்கு முன்னால் ஒரு கதிரை இருந்தது. அதில் கோப்புகள் இருந்ததால் நான் நின்றேன்.

“சேர், பயப்பிடாதேங்கோ. எல்லையை அழிச்சாலும் உள்ளுக்க இருக்கிற படம் உடனே அழியாது. ஆரும் மேல எழுதாமல் இருந்தால் பெயரோட எடுத்துத் தரலாம். அரைநாள் வேலை. ஆனால் அதுவரைக்கும் ஒருத்தரும் அதில கை வைக்கக்கூடாது.”

“எடுக்கிறது எண்டால், போச்சுது எண்டு ஆகுமே தம்பி?”

“போனதாலதானே சேர் எடுக்கிறம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “வடிவாக் கேளுங்கோ. எங்கட நிலையத்தில காணாமல் போறது எண்டு ஒண்டு இல்லை. இடம் மாறியிருக்கும். தேடுற ஆக்கள் வடிவாத் தேடியிருக்க மாட்டினம். ‘காணாமல் போன படங்களை மீட்க’ எண்டு நான் அனுமதி எழுதினால், நாளைக்குக் கொழும்பு கேட்கும், உங்களிட்டயும் காணாமல் போகுதோ எண்டு.”

கதவடியில் மனோன்மணி அம்மா நின்றா. “ஐயா, நான் மகனைக் கேட்டு நிக்கேக்க, இதைத்தான் முகாமில ஒரு பெரியவரும் சொன்னவர்,” என்றா. குறையாகச் சொல்லவில்லை. தெரிந்த ஒரு ஆளை வேறு ஊரில் கண்டதுபோலச் சொன்னா.

பணிப்பாளர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

அனுமதிக்குச் செவ்வாய் வரச் சொன்னார்கள். கொம்பியூட்டரைக் கடைக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். பதிவேட்டில் உள்ள பொருள் வாசலைத் தாண்டக் கூடாதாம். ஆகவே செவ்வாய்க்கிழமை, தேவையானதையெல்லாம் சுமந்துகொண்டு நான் போனேன். கொம்பியூட்டர் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. திரையில் புது வீதி ஒன்றில் ஒரு புது பஸ் போனது. பின்னணியில் நாதஸ்வரம்.

“ஆர் இதில கை வைச்சது?” என்றேன்.

“பார்த்தீங்களோ, எழும்பீட்டுது!” என்றார் பணிப்பாளர். “இண்டைக்குக் கொழும்பிலயிருந்து ஒரு பெரியவர் வாறார். அவருக்கு முன்னால கறுப்புத் திரையை வைச்சிருக்கேலுமே? எங்கட றைவரின்ர மச்சான் வந்து எல்லாத்தையும் துடைச்சுப் புதுசாப் போட்டுத் தந்தவர். அபிவிருத்திப் படம் ஓடுது. ஆறு மணித்தியாலம். பெரியவர் எந்த நேரம் வந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும்.”

பெரியவர் நாலரைக்கு வந்தார். திரையைப் பார்த்து “வெரி குட்” என்றார். நாலு முப்பத்து மூன்றுக்குப் போனார்.

அவருடைய வாகனத்தின் தூசி அடங்கியதும் நான் சுவிச்சை நிறுத்தி, என் சிடியைப் போட்டு, உள்ளே பார்த்தேன். பயந்தது நடந்திருந்தது. எந்தப் படம் யாருடையது என்று எழுதி வைத்திருந்த இடத்துக்கு மேலே அபிவிருத்திப் படம் போய்க் குந்திக்கொண்டிருந்தது. கீழே, தொடப்படாமல், படங்கள் கிடந்தன. முகங்களை எடுக்கலாம். பெயர்களை எடுக்க முடியாது.

அனுமதிக் கடிதம் புதன் பின்னேரம் கிடைத்தது. ‘இடம் மாறிய படங்களைப் பழைய இடத்துக்கு அழைத்துவருதல்’ என்று தலைப்பு. மெஷினை அப்படியே தேடவிட்டு வந்தேன். வியாழன் காலையில் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு படங்கள் என் டிஸ்க்கில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பெயருக்குப் பதிலாக நீளமான ஒரு இலக்கம். அந்த இலக்கங்களுக்கு ஒரு அர்த்தமும் இல்லை.

மனோன்மணி அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தினேன்.

“அம்மா, பெயர் எல்லாம் போச்சுது. நான் ஒவ்வொண்டாத் தட்டுறன். மகனைக் கண்டால் சொல்லுங்கோ.”

“தட்டுங்கோ.”

ஒன்பது மணிக்குத் தொடங்கினோம். முகம், முகம், முகம். நான் பகிடிக்காரன் என்று ஊரில் பெயர். ஐம்பதாவது முகத்துக்குப் பிறகு எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. சிலருக்குக் கலியாணப் படத்திலிருந்து வெட்டிய முகம், தோளில் மற்றவரின் கை. ஒரு சின்னப் பிள்ளைக்குத் தேவாலயத்தில் எடுத்த முதல் நன்மைப் படம், கையில் மெழுகுதிரி. அம்மா சிலவற்றில் நிறுத்தச் சொன்னா.

“நில்லுங்கோ. இது சிவக்கொழுந்தின்ர மூத்தவள். யதுர்சிகா. ... ம், தட்டுங்கோ.”

நானூற்றுச் சொச்சத்தில் ஒரு பெடியன் வந்தான். வெள்ளைச் சேட்டு, இரண்டு அளவு பெரிது. கழுத்தில் பொத்தான் இல்லை, ஊசி குத்தியிருந்தது. இடப்பக்கப் பொக்கற்றில் கத்தரிக்காய் வடிவில் ஒரு மைக்கறை.

அம்மா கதிரை நுனிக்கு வந்தா. “இது லக்சன். எங்கட ஊர்ப் பெடியன். கிட்டத்தான் தம்பி, கிட்டத்தான் இருப்பான்.”

“என்னெண்டு தெரியும்?”

“அந்தச் சேட்டு. அந்த வருசம் பள்ளிக்கூடத்தில நல்ல சேட்டு ஒண்டுதான் மிஞ்சிக் கிடந்தது. படம் பிடிக்கிறவன் வந்த நாள், பதினொரு பெடியளும் அதைத்தான் மாறி மாறிப் போட்டுக்கொண்டு இருந்தவங்கள். ஒருத்தன் கழட்ட மற்றவன் போட. எல்லாருக்கும் ஒரே ஊசிதான். இவங்கள் சிரிச்ச சிரிப்பில படம் பிடிக்கிறவன் பேசினவனாம்.”

அதற்குப் பிறகு நான் முகத்தைப் பார்க்கவில்லை, சேட்டைத் தேடினேன். அறுநூறில் ஒருவன். எழுநூற்றுப் பத்தில் இருவர் அடுத்தடுத்து. அம்மா ஒவ்வொருவனுக்கும் பெயர் சொல்லிக்கொண்டு வந்தா. மூன்று மணிபோல, ஏழாவது தரம் அந்தச் சேட்டு வந்தது. நான் தட்டப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டா.

சிரிப்பை அடக்கிக்கொண்டு இருக்கிற ஒரு பெடியன். தோளுக்குக் குறுக்கே குத்தூசித் தடம், கந்தோர் குத்தியது.

“தலை இழுக்கேல்லை பாருங்கோ,” என்றா. “சொன்னனான், சீப்பு எடுத்துக்கொண்டு போ எண்டு.”

இனி ஒரு கையெழுத்துத்தான் தேவை. படத்தை உரிய அதிகாரி உறுதிப்படுத்த வேண்டும் என்று கொமிசன் எழுதியிருந்தது. பணிப்பாளர் வந்து திரையைப் பார்த்தார். அவருடைய கெட்ட காலமோ எங்களுடைய கெட்ட காலமோ, மிச்சம் நாலு பேரையும் தேடி எடுத்து, பதினொரு பெடியளையும் நான் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தேன். அவர் முகம் மாறியது. கிறகரி ஐயாவுக்கு ஆள் போனது. அவர் பூதக்கண்ணாடியோடு வந்தார்.

“ஒரே சேட்டு,” என்றார் கிறகரி. “ஒரே கறை. ஒரே ஊசி. ஒரு ஆள் பதினொரு பேரில பதிஞ்சிருக்கிறார்.”

“ஐயா, முகம் வேற வேற,” என்றேன்.

“முகம் மாறும் தம்பி. முப்பத்தாறு வருசம் சேவையில இருந்தனான். பொருட்கணக்கெடுப்பில நாங்கள் முகம் பார்க்கிறேல்லை. அடையாளம்தான் பார்க்கிறது.”

அம்மா சேட்டின் கதையை முதலிலிருந்து சொன்னா. இருவரும் பொறுமையாகக் கேட்டார்கள், அதை நான் மறைக்கக் கூடாது. கேட்டு முடித்ததும் பணிப்பாளர் ஒரு கேள்வி கேட்டார்.

“அப்ப அந்தச் சேட்டு இப்ப ஆரிட்ட இருக்கு?”

“தெரியாது ஐயா. கடைசியா அவன் போட்டுக்கொண்டு போனது நீலச் சேட்டு.”

“ஆக, சேட்டு இரண்டு,” என்று குறித்துக்கொண்டார் கிறகரி.

பணிப்பாளர் எழும்பி நின்றார். பேசுவதற்கு எழும்புகிற பழக்கம் அவருக்கு இருந்தது.

“அம்மா, நான் கல் நெஞ்சுக்காரன் இல்லை. எனக்கும் பிள்ளையள் இருக்கினம். ஆனால் நிலையம் எண்டு ஒண்டு இருக்கு. நாளைக்கு நான் பதினொரு படத்துக்கு ஒப்பம் வைச்சு, அது ஒரு ஆள் எண்டு வந்தால், பத்துப் பேரைக் கூடக் காட்டினவன் எண்டு என்னைத்தான் கேட்பினம். குறையக் காட்டினவனை இந்த நாட்டில ஒருத்தரும் கேட்டதில்லை. அதால நான் ஒரு நல்ல வழி சொல்லுறன். ஒரு படத்துக்கு ஒப்பம் வைக்கிறன். மிச்சம் பத்தையும் உபரி எண்டு கழிப்பம். எந்தப் படத்தை வைக்கிறது எண்டதை நான் சொல்லமாட்டன், அது அநியாயம். தாய்மார் நீங்கள் பதினொரு பேரும் கூடிக் கதைச்சு, ஒரு முடிவுக்கு வாங்கோ. அவசரம் இல்லை.”

 அன்ரோனெற் மேசை லாச்சியைத் திறந்து எதையோ தேடுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அம்மா கொஞ்சம் யோசித்தா. உண்மையிலேயே யோசித்தா. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. வெள்ளிக்கிழமைக்கு ஒரு இரவு இருந்தது, கையெழுத்து ஒன்று இருந்தது, அந்தப் பத்துத் தாய்மாரும் அங்கே இல்லை. சரி, என்ர மகனை வையுங்கோ என்று அவ சொல்லியிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

“வேண்டாம் ஐயா,” என்றா. “அவங்கள் ஒண்டாத்தான் போனவங்கள்.”

பொலித்தீன் பையை எடுத்துக்கொண்டு எழும்பினா.

நான் வீரன் இல்லை. கருவிப் பெட்டியைக் கட்டும்போது என் டிஸ்க்கை அதற்குள் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். கடையில் துஷாந்தனின் படத்தை அச்சடித்தேன். “மற்றப் பத்தையும் எடுத்துத் தாங்கோ தம்பி, அவையளிட்ட நான் குடுக்கிறன்,” என்றா அம்மா. பதினொரு படமும் பொலித்தீன் பைக்குள் போயின.

சனிக்கிழமை கடைக்கு வந்தா. கொமிசன் அவவுக்கு நாலு நிமிடம் கொடுத்திருந்தது. ஒப்பம் இல்லாத படத்தை வாங்கலாமா என்று கதைப்பதில் மூன்று நிமிடம் போய்விட்டது. கடைசியில் ஒரு ஆள் இரக்கப்பட்டு வாங்கிப் படிவத்தோடு குத்தினாராம்.

“அதே தோளில குத்திச்சினம் தம்பி,” என்றா. பிறகு, “மற்ற ஆக்களின்ர படமும் உங்களிட்டதானே இருக்கு?”

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் யாரையாவது கூட்டிக்கொண்டு வந்தா. அவவுடைய ஊர்க்காரர் முதலில். பிறகு அரிப்பு என்ற ஊரிலிருந்து, முசலிப் பக்கமிருந்து, என் பேசாலையிலிருந்தும். சலூன்காரர் வாங்கைத் தந்தார், சவப்பெட்டிக் கடைக்காரர் தேத்தண்ணி தந்தார். நான் தட்டுவேன். யாரோ ஒருவர் “நில்லுங்கோ” என்பார். இலக்கத்தை அழித்துப் பெயரை அடிப்பேன். ஒரு நாளைக்கு நாலு பெயர். சில நாள் ஒன்றும் இல்லை.

மார்கழியில் மறுபடியும் ஒரு கடிதம் வந்தது. திருமதி கிருஷிகாவுக்குத்தான். கந்தோருக்குச் சொந்தமான உபரிப் பொருட்கள் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு அவளுடைய வசம் இருப்பதாகத் தெரிய வந்துள்ளதாம். பதினாலு நாளுக்குள் இணைப்பிலுள்ள படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டுமாம். பொருளுக்கு ஒரு வரி. விபரம், எண்ணிக்கை, பொருளின் நிலை. நிலைக்கு மூன்று சொல் அச்சடித்திருந்தது: பாவிக்கத்தக்கது, திருத்தத்தக்கது, கழிக்கத்தக்கது. பொருந்தாதவற்றை வெட்டவும்.

“உங்களாலதான் எனக்கு அரசாங்கத்தோட வழக்கு,” என்று கிருஷிகா பேனையைக் கையில் தந்தாள். “எழுதுங்கோ. அனுப்பாட்டி ஆள் வந்து எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போகும்.”

அன்று சனிக்கிழமை. முதல் வரியில் துஷாந்தன் என்று எழுதினேன். எண்ணிக்கை, ஒன்று. அடுத்த பெட்டியில் பேனை நின்றுவிட்டது. மனோன்மணி அம்மா பக்கத்துக் கதிரையில் இருந்தா. படிவத்தை அவவுக்கு வாசித்துக் காட்டினேன். பாவிக்கத்தக்கது, திருத்தத்தக்கது, கழிக்கத்தக்கது.

“இதில எதை வெட்டுறது அம்மா?”

“மூண்டையும் வெட்டுங்கோ.”

வெட்டினேன். “மேல என்ன எழுத?”

“இன்னும் வரேல்லை எண்டு எழுதுங்கோ.”

எழுதினேன். என் கையெழுத்துத் தெளிவில்லை என்பதால் ஆறுதலாக, எழுத்தெழுத்தாக எழுதினேன். கீழே இன்னும் ஆயிரத்து நூற்றுப் பதினொரு வரி இருந்தது.